வடசென்னையில் முதுமை : உழைப்பின் கணக்கும் அரசின் கடமையும்

முன்னுரை

தனிமனிதன் முதுமை அடைவது இயற்கை. ஒரு சமுதாயமே முதுமை அடைவது வரலாறு. இந்தியா விடுதலை பெற்ற காலத்தில் இந்நாட்டவரின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 32 ஆண்டுகளே. இன்று அஃது 70 ஆண்டுகள் அளவிற்கு உயர்ந்துள்ளது. ஆயுள் நீண்டது, குழந்தைப் பிறப்புக் குறைந்தது. இவ்விரண்டும் சேர்ந்து தமிழ்நாட்டை முதியோர் மிகுந்த மாநிலங்களுள் ஒன்றாக ஆக்கியுள்ளன. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்திய மக்களுள் 60 வயதும் அதற்கு மேலும் உடையோர் 8.6 விழுக்காட்டினர், தமிழ்நாட்டிலோ 10.4 விழுக்காட்டினர். மைய அரசின் வல்லுநர் குழு வெளியிட்ட மதிப்பீடு, தமிழ்நாட்டில் இவ்வளவு 2021இல் 13.6 விழுக்காடு என்றும், 2031இல் 18.2 விழுக்காடாக உயரும் என்றும் கூறுகிறது. பெரிய மாநிலங்களுள் கேரளம் ஒன்றே இவ்வகையில் நம்மினும் முந்தி நிற்கிறது.

இவ்வெண்கள் மாநிலம் முழுமைக்கும் பொதுவானவை. ஆனால் முதுமை எல்லா ஊர்களிலும் ஒன்றுபோல் வருவதில்லை. நிழலில் அமர்ந்து எழுதியவர்க்கும் வெயிலில் நின்று மூட்டை சுமந்தவர்க்கும் 60 வயது என்பது ஒரே எண்ணாயினும் ஒரே நிலை அன்று. இராயபுரம் முதல் திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை நீண்டு கிடக்கும் துறைமுக, ஆலைப் பகுதியில் இவ்வேறுபாடு தெளிவாகப் புலப்படும். இப்பகுதியின் முதுமையை எவ்வாறு ஆராய்வது, அவ்வாராய்ச்சி அரசின் கொள்கைக்கு எவ்வாறு உதவும் என்பனவற்றைச் சுருங்கக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிசிராந்தையார் தரும் அளவுகோல்

முதுமையை உடலின் நிகழ்ச்சியாக மட்டும் கருதாமல் சமுதாயத்தின் விளைவாகவும் கருதும் பார்வை தமிழர்க்குப் புதியது அன்று. ஆண்டு பல ஆகியும் நரை தோன்றாமை எவ்வாறு எனப் பிசிராந்தையாரைச் சான்றோர் வினவினர். அவர் மருந்தையோ உணவையோ காரணமாகக் கூறவில்லை. மாண்புடைய மனைவியும் அறிவு நிரம்பிய மக்களும், தம் கருத்தறிந்து நடக்கும் ஏவலரும், முறை தவறாது காக்கும் வேந்தனும், அடக்கமுடைய சான்றோர் பலர் வாழும் ஊரும் தமக்கு வாய்த்தமையே காரணம் என்றார். புறநானூற்றின் 191ஆம் பாடல் கூறும் செய்தி இது.

வீடு, பணிச்சூழல், அரசு, ஊர் என்னும் இந்நான்கையும் முதுமை பற்றிய ஆராய்ச்சிக்கு நான்கு தலைப்புகளாகக் கொள்ளலாம். இவற்றுள் ஒன்று பழுதுபட்டாலும் நரை முந்திவிடும். வடசென்னையின் முதியோர் வாழ்வை இந்நான்கு தலைப்புகளில் வைத்து நோக்குவோம். அங்கே தொழிலே ஏனைய மூன்றிற்கும் அடித்தளம் ஆதலின் பணியிலிருந்து தொடங்குவதே பொருந்தும்.

பணி : ஏட்டில் ஏறியவரும் ஏறாதவரும்

தென்னிந்தியாவின் முதல் இரயில் 1856ஆம் ஆண்டு இராயபுரத்திலிருந்து புறப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்குள் துறைமுகம் உருப்பெற்றது. பெரம்பூரின் பஞ்சாலைகள், திருவொற்றியூரின் தீப்பெட்டி ஆலை, மோட்டார் சைக்கிள், டயர் ஆலைகள், எண்ணூரின் வாகன ஆலை, அனல் மின்நிலையம் எனத் தொழிற்கூடங்கள் வரிசையாய் எழுந்தன. 1918 ஏப்ரல் 27ஆம் நாள் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்க்கெனச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியதும், 1923 மே முதல் நாளில் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே நாளைக் கொண்டாடியதும் இம்மண்ணின் உழைப்பாளர் வரலாற்றில் அழியாத செய்திகள்.

ஆலைகள் தோன்றியதுபோலவே மறையவும் செய்தன. பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் 1996இல் நிலையாக மூடப்பட்டன. 1970இல் மின்னாக்கம் தொடங்கிய எண்ணூர் அனல் மின்நிலையம் 2017 மார்ச்சு இறுதியில் நிறுத்தப்பட்டது. சென்னைத் துறைமுகத்தில் 1983இல் சரக்குப் பெட்டக முனையம் திறக்கப்பட்ட பின், பலர் கொக்கி போட்டு இழுத்துத் தோளில் ஏற்றிய சுமையைப் பளுதூக்கி ஒன்றே தூக்கலாயிற்று. 2011இல் உயர்நீதிமன்ற ஆணையால் அத்துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் கையாள்வது நின்றது. 2001இல் செயற்படத் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகம் நிலக்கரிச் சுமையை ஏற்றுக்கொண்டது. இராயபுரத்து மக்களின் மூச்சுக்கு அம்மாற்றம் நன்மை செய்தது. எனினும், அதற்கு முன் பல ஆண்டுகள் அத்தூசியிலேயே நின்று உழைத்தவரின் நுரையீரலை எந்த ஆணையாலும் புதுப்பிக்க இயலாது.

இங்கு நாம் ஊன்றி நோக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. 1948ஆம் ஆண்டுத் துறைமுகத் தொழிலாளர் சட்டத்தின் பயனாய்த் துறைமுகத் தொழிலாளர் வாரியத்தில் பெயர் பதிவு பெற்றோர் ஒருசாரார். மேஸ்திரியின் கைவிரல் காட்டிய அன்றைக்கு மட்டும் வேலை பெற்று, மறுநாள் வெறுங்கையுடன் திரும்பியோர் மற்றொரு சாரார். இருவர் சுமந்த மூட்டையும் ஒரே எடை. இருவர் தோளில் விழுந்த தழும்பும் ஒரே தழும்பு. ஆயினும் முதல்வரின் முதுமைக்கு வைப்புநிதியும் பணிக்கொடையும் உண்டு. இரண்டாமவர்க்கு அவர் சுமந்தார் என்பதற்குச் சான்றே இல்லை. ஒருவரின் முதுமையை அவருடைய வயது மட்டும் தீர்மானிப்பதில்லை. அவர் பெயர் எந்த ஏட்டில் ஏறியது, எந்த ஏட்டில் ஏறவில்லை என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது.

தொழிலாளர் ஓய்வூதியத் திட்டமும் இவ்வாறே. 1995 நவம்பரில் நடைமுறைக்கு வந்த அத்திட்டத்தில் மாத ஓய்வூதியம் பெறப் பத்தாண்டுப் பங்களிப்பு வேண்டும். ஒப்பந்தக்காரர் மாற மாறக் கணக்கும் மாறிய தொழிலாளி, முப்பதாண்டு உழைத்தும் பத்தாண்டினை மெய்ப்பிக்க முடியாமல் நிற்றல் கூடும். தகுதி பெற்றோர்க்கும் குறைந்த அளவு ஓய்வூதியம் 2014 செப்டம்பர் முதல் மாதம் 1000 ரூபாய் என்றே வரையறுக்கப்பட்டது.

பெண்களின் நிலை இன்னும் ஒருபடி கீழே. காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்துக் கூடையில் சுமந்து தெருத் தெருவாய் விற்றவர், கருவாடு உலர்த்தியவர், வீட்டுவேலை செய்தவர் ஆகியோர் தம்மைத் தொழிலாளர் என்று சொல்லிக்கொள்ளவே தயங்குவர். அவர்தம் உழைப்புக் குடும்பக் கணக்கில் கரைந்துவிட்டது. முதிய ஆண்களைவிட முதிய பெண்களிடையே துணையை இழந்தோர் பன்மடங்கு மிகுதி என்பதையும் இதனோடு சேர்த்து எண்ணுதல் வேண்டும்.

வீடு : மகன் தாங்குவான் என்னும் நம்பிக்கை

திருக்குர்ஆன், பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தில், இறைவன் ஒருவனையே வணங்குக என்னும் ஆணையை அடுத்தே பெற்றோரைப் பேணுமாறு பணிக்கிறது. முதுமை எய்திய அவர்களிடம் சலிப்பைக் காட்டும் சிறு சொல்லும் கூடாது என்பது அதன் கருத்து. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் இவ்வறத்தையே சட்டத்தின் கடமையாக்கியது. மக்கள் கைவிட்டால் பெற்றோர் தீர்ப்பாயத்தை அணுகலாம். மாதம் 10000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை பெறலாம்.

இச்சட்டம் இன்றியமையாதது. ஆயினும் அது, தாங்க வல்ல மகன் ஒருவன் இருக்கிறான் என்னும் கருத்தின்மேல் நிற்கிறது. தந்தை ஆலையில் நிலையான பணியாளர். மகனோ அதே சாலையில் நாள்கூலி ஒப்பந்தத் தொழிலாளி என்னும் நிலை வடசென்னையில் அரிதன்று. தந்தை பெற்ற வேலை மகனுக்குக் கிட்டவில்லை. வேலையைத் தேடி மகன் நகரின் தென்மேற்கே திருப்பெரும்புதூர்ப் பக்கமோ அயல்நாட்டிற்கோ செல்கிறான். அன்பு குறையவில்லை, ஆற்றல் குறைந்தது. இதனை ஒழுக்கத்தின் வீழ்ச்சி என்று மட்டும் கூறி முடிப்பது ஆராய்ச்சி ஆகாது. குடும்பம் தளரும்போது அதன் பின்னால் தளர்ந்த ஊதியத்தையும் காணல் வேண்டும்.

ஊர் : கடலும் காற்றும்

முதியவர்க்குத் தெரு என்பது வீட்டின் மற்றொரு கூடம். இன்னார் இன்று வெளியே வரவில்லையே என்று கேட்கும் அண்டை வீட்டார் இருக்கும்வரை தனிமை முழுமை பெறுவதில்லை. இப்பகுதியில் அத்தெருவே நிலையற்றது. துறைமுகச் சுவர் மணலைத் தடுத்ததால் தெற்கே மெரினா அகன்றது. வடக்கே கரை அரிக்கப்பட்டது. கடல் தம் கண்முன் தெருக்களை விழுங்கியதைக் கண்ட மூத்தோர் இங்கே வாழ்கின்றனர். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின் கரையோரக் குடும்பங்கள் பல வேறிடங்களில் குடியமர்த்தப்பட்டன. புதிய வீட்டிற்குக் கூரை உறுதியானது; ஆனால் பழைய அண்டை வீட்டார் உடன் வருவதில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலை அடுத்து எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. அதே திங்கள் 26ஆம் நாள் நள்ளிரவில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம் முதலிய குப்பங்களின் மக்கள் இருளில் வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. இத்தகைய இரவில் ஓடக்கூடியவர் ஓடுவர். படுக்கையில் கிடக்கும் முதியவரைத் தூக்குவது யார்? எந்த வீட்டில் நடக்க இயலாதவர் உள்ளார் என்னும் பட்டியல் தெருவுக்குத் தெரு இருந்தால் அன்றி இக்கேள்விக்கு விடை கிட்டாது. அப்பட்டியல் ஆராய்ச்சியின் பயனே ஆகும்.

அரசு : கஞ்சித்தொட்டி முதல் இன்று வரை

முதியோரைக் காக்கும் பொதுப்பணியில் இராயபுரம் பகுதிக்குத் தனி வரலாறு உண்டு. 1782ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் ஏழைகட்குக் கஞ்சி வார்க்கத் தொடங்கிய மணியக்காரர் சத்திரத்தை ஒட்டி 1799இல் மருத்துவமனை ஒன்று எழுந்தது. மக்கள் வழக்கில் அது கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி. இன்றைய ஸ்டான்லி மருத்துவமனைக்கு அதுவே வித்து. சத்திரம் பின்னர் ஆதரவற்ற முதியோர்க்கு உறைவிடமாயிற்று.

கஞ்சி வார்த்தல் ஈகை, ஓய்வூதியம் உரிமை. தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியத் திட்டம் 1962 ஏப்ரல் முதல் நாள் தொடங்கியது. மைய அரசு 1995 ஆகஸ்டு 15ஆம் நாள் தேசிய சமூக உதவித் திட்டத்தைக் கொண்டுவந்தது. 60 முதல் 79 வயதினர்க்கு அதன் பங்கு மாதம் 200 ரூபாயாகவும், 80 வயது நிறைந்தோர்க்கு 500 ரூபாயாகவும் வகுக்கப்பட்டது. எஞ்சியதை மாநில அரசு ஏற்று, 2011இல் 1000 ரூபாயாகவும் 2023 ஆகஸ்டு முதல் 1200 ரூபாயாகவும் உயர்த்தி வழங்கிற்று. உடலுழைப்புத் தொழிலாளர், மீனவர் ஆகியோர்க்கு நல வாரியங்களும் அமைந்தன.

மருத்துவத்திலும் தமிழ்நாடு முந்தியே நடந்தது. 1978இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் முதியோர்க்கெனத் தனிப் புறநோயாளர் பிரிவு மருத்துவர் வி. எஸ். நடராசன் முயற்சியால் தோன்றியது. 1996இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்தில் மேற்பட்டப் படிப்புத் தொடங்கப் பெற்றது. 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டம் வீட்டு வாயிலுக்கே மருந்தைக் கொண்டுவந்தது. 2024 பிப்ரவரியில் கிண்டியில் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மையம் திறக்கப்பட்டது.

இத்தனை திட்டங்களிலும் விண்ணப்பத்தில் முதலில் கேட்கப்படுவன வயதும் வறுமையுமே. என்ன தொழில் செய்தீர், எத்தனை ஆண்டு செய்தீர் என்னும் கேள்விக்கு உரிய இடம் இல்லை. 1700ஆம் ஆண்டில் தொழிலாளர் நோய்கள் பற்றி நூல் எழுதிய இத்தாலிய மருத்துவர் இராமசீனி, நோயாளியிடம் அவருடைய தொழில் யாது என்பதையும் மருத்துவர் தவறாமல் வினவ வேண்டும் என வற்புறுத்தினார். மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின்னும் அவ்வினா புதுமை குன்றாது நிற்கிறது. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் அளக்கும்போதே, நிலக்கரியில் நின்றாரா, பஞ்சுத் தூசியில் நின்றாரா என்றும் கேட்டால் இருமலின் வேர் புலப்படும்.

ஆராய்ச்சி சட்டமானதற்கு ஒரு சான்று

கணக்கெடுப்பு எவ்வாறு கொள்கையாக மாறும் என்பதற்கு மற்றொரு துறைமுக நகரமான இலண்டனைச் சான்றாகக் காட்டலாம். சார்லசு பூத்து என்பவர் கப்பல் நிறுவன உரிமையாளர். 1886 முதல் ஏறத்தாழப் பதினேழு ஆண்டுகள் அந்நகர மக்களின் வாழ்வையும் உழைப்பையும் தெருத் தெருவாக ஆராய்ந்தார். ஏழ்மைக்குச் சோம்பலே காரணம் என்று பலர் நம்பிய காலம் அது. உழைத்து உழைத்து முதுமை எய்தியமையே பலரின் ஏழ்மைக்குக் காரணம் என்பதை அவருடைய கணக்குகள் காட்டின. முதியோர் அனைவர்க்கும் வாரம் 5 சில்லிங் வழங்க வேண்டும் என அவர் வாதிட்டார். 1908இல் முதியோர் ஓய்வூதியச் சட்டம் நிறைவேறியது. 70 வயது நிறைந்த ஏழைகட்கு அடுத்த ஆண்டின் முதல் நாளிலிருந்து அத்தொகை கிடைத்தது. தெருவில் நின்று எண்ணியவரின் ஏடு நாடாளுமன்றத்தின் சட்டமாயிற்று.

நம் நாட்டிலும் பெரும் ஆராய்ச்சிகள் நடந்துள்ளன. 2017, 2018ஆம் ஆண்டுகளில் மும்பையிலுள்ள பன்னாட்டு மக்கள்தொகை ஆய்வு நிறுவனம் முன்னின்று நடத்திய இந்திய முதுமை நெடுங்கால ஆய்வின் முதற்சுற்று, 45 வயதிற்கு மேற்பட்ட எழுபதாயிரத்திற்கும் மிகுந்தோரிடம் செய்தி திரட்டியது. மாநிலத்தின் நிலையை அறிய அது பெரிதும் உதவும். ஆயினும் எர்ணாவூரின் தெரு ஒன்றை அதில் காண இயலாது. 2021இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தள்ளிப் போயிற்று. ஆகவே, சிறு நிலப்பரப்பை ஆழ்ந்து நோக்கும் ஆராய்ச்சியின் தேவை மிகுகிறது.

தமிழ்த்துறை மாணவர் செய்யத்தக்கது

இப்பணி சமூகவியலார்க்கே உரியது என்று நாம் ஒதுங்க வேண்டுவதில்லை. கேட்பதும், கேட்டதைச் சிதையாமல் எழுதுவதும் தமிழ் பயில்வோர்க்குக் கைவந்த கலைகள். தொடித்தலை விழுத்தண்டினார் என்னும் புலவர், கோலூன்றி இருமி நிற்கும் நிலையிலும் இளமையில் மடுவில் பாய்ந்ததையே முதலில் நினைக்கிறார். எனவே முதியவரை அணுகுவோர் நோயைக் கேட்குமுன் அவர்தம் தொழிலைக் கேட்பதே முறை. பின்வரும் வினாக்கள் தொடக்கத்திற்குப் போதும்.

1. எந்த வயதில் முதல் வேலைக்குச் சென்றீர்கள்? யார் அழைத்துச் சென்றார்?
2. எந்தெந்த இடங்களில், எத்தனை ஆண்டுகள் உழைத்தீர்கள்?
3. ஊதியம் நேரே கிடைத்ததா, மேஸ்திரி வழியாகவா?
4. உங்கள் பெயர் எழுதிய அட்டை, சீட்டு, புத்தகம் ஏதேனும் உள்ளதா?
5. வேலை எவ்வாறு நின்றது? அன்று உங்கள் வயது என்ன?
6. இன்று மருந்துக்கும் உணவுக்கும் பணம் எங்கிருந்து வருகிறது?
7. இரவில் உதவி வேண்டின் யாரை அழைப்பீர்கள்?

நான்காம் வினாவே உயிர்நிலை. பெட்டியின் அடியில் கிடக்கும் பழைய அடையாள அட்டையோ ஊதியச் சீட்டோ ஓய்வூதியத்திற்குச் சான்றாதல் கூடும். கலாசி, மேஸ்திரி, கொக்கி எனத் துறைமுகத்தாரும் மீனவரும் வழங்கும் தொழிற்சொற்களும் உடன் தொகுக்கப்பட்டால் மொழிக்கும் ஆக்கமாகும். கேட்குமுன் இசைவு பெறுதல், பெயரை மறைத்தல், உதவித்தொகை வாங்கித் தருவதாய்ப் பொய்ந்நம்பிக்கை ஊட்டாமை, எழுதியதை அவர்க்கே படித்துக் காட்டுதல் ஆகிய நான்கும் இவ்வாராய்ச்சியின் ஒழுக்க நெறிகள்.

இதில் காலம் தாழ்த்த இயலாது. 1996இல் ஆலை மூடியபோது நாற்பது வயதில் நின்றவர் இன்று எழுபதை ஒட்டி நிற்கிறார். ஏட்டில் ஏறாத உழைப்புக்கு அவருடைய நினைவு ஒன்றே ஏடு. அவர் மறைந்தால் அவ்வேடும் மறையும்.

முடிவுரை

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் காலத்து நிகழ்ச்சி ஒன்றை எட்டாம் நூற்றாண்டு அறிஞர் அபூ யூசுஃப் பதிவு செய்துள்ளார். கண்ணிழந்த முதியவர் ஒருவர் இரந்து நிற்பதைக் கலீஃபா கண்டார். அவர் யூதர் என்றும், வரிக்கும் தேவைக்கும் முதுமைக்குமாக இரக்கிறார் என்றும் அறிந்தார். இளமையில் அவரிடம் வரி பெற்றுவிட்டு முதுமையில் கைவிடுவது நீதி அன்று எனக் கூறி, வரியை நீக்கிப் பொதுக் கருவூலமாகிய பைத்துல்மாலிலிருந்து அவர்க்கும் அவர் போன்றோர்க்கும் உதவ ஆணையிட்டார். சமயம் கடந்த இந்நீதியில் இரக்கத்தினும் கணக்கே முன்னிற்கிறது. பெற்றதைத் திருப்பித் தரும் கடமை அது.

வடசென்னையின் முதியோர் இந்நகர்க்குத் துணியும் மின்சாரமும் மீனும் தந்தனர். கப்பல்களுக்குச் சுமை ஏற்றி இறக்கினர். அவர்க்கு மாதந்தோறும் தரும் தொகையைப் பிச்சை என எண்ணாது, செலுத்தத் தவறிய ஊதியத்தின் நிலுவை என எண்ணும்போதே கொள்கை திருந்தும். மருத்துவமனைச் சீட்டிலும் ஓய்வூதிய விண்ணப்பத்திலும் தொழில் வரலாற்றுக்கு ஒரு வரி. விலைவாசியோடு சேர்ந்து உயரும் ஓய்வூதியம். இடர் வரும் இரவுக்குத் தெருவாரியான முதியோர் பட்டியல். இம்மூன்றும் எட்டாத கனிகள் அல்ல. அரசு கேட்க வேண்டுமாயின் முதலில் எண்ணிக் காட்ட வேண்டும். அவ்வெண்ணும் பணியை நம் மாணவர் தத்தம் தெருவிலிருந்தே தொடங்குவாராக.